ஒயாசிஸ் வகுப்புக் கப்பலில் 7 இரவு: சாப்பாட்டையும் ஷோவையும் எதை வச்சு எடை போடறது?

நீலக்கரை:
வணக்கம். டிசம்பர் ஸ்கூல் லீவுல ஃப்ளோரிடாவிலிருந்து 7 இரவு கரீபியன் பயணம் புக் பண்ணியிருக்கோம். ராயல் கரீபியன் கம்பெனியோட ஒயாசிஸ் வகுப்புக் கப்பல். மொத்தம் ஆறு பேர்: நாங்க ரெண்டு பேர், 9 வயசிலும் 14 வயசிலும் பசங்க, என் அப்பா அம்மா. அவங்க ரெண்டு பேரும் சுத்த சைவம், முட்டையும் தொட மாட்டாங்க.

ரிவ்யூ படிச்சுப் படிச்சுக் குழப்பம்தான் மிச்சம். ஒரே கப்பலை ஒருத்தர் ஆகா ஓகோங்கறார், அடுத்தவர் கல்யாண மண்டபத்துக் கடைசிப் பந்தி மாதிரின்னு திட்டறார். ஷோவுக்கும் இதே கதைதான். விஷயம் தெரிஞ்சவங்க எதைப் பார்த்து நல்லா இருக்கு, இல்லைன்னு முடிவு பண்றீங்க? தனியா காசு கட்டிச் சாப்பிடற ஸ்பெஷாலிட்டி பேக்கேஜை இப்பவே வாங்கிடறதா, ஏறிப் பார்த்துட்டு வாங்கறதா? எந்த ஷோவுக்கு முன்பதிவு அவசியம்? அப்பா அம்மாவுக்கு என்ன ஏற்பாடு பண்ணணும்?

அடுப்படி:
ரிவ்யூ எழுதறவங்க பாதிப் பேர் டிக்கெட்டுக்குள்ளேயே வர்ற சாப்பாட்டையும் தனிக்காசுச் சாப்பாட்டையும் ஒரே வரியில் கலந்துடறாங்க. அதான் குழப்பமே. மெயின் டைனிங் ரூம், விண்ட்ஜாமர் பஃபே, பார்க் கஃபே, சொரெண்டோஸ் பீட்சா இதெல்லாம் டிக்கெட்டுக்குள்ள. சாப்ஸ் கிரில் (ஸ்டேக் கடை), இசுமி (ஜப்பானியச் சாப்பாடு) மாதிரி இடங்களுக்குத் தனிக்காசு, அதுக்கு மேல 18% சர்வீஸ் சார்ஜ். எந்த ரிவ்யூவா இருந்தாலும் எந்த இடம், பயணத்தோட எத்தனாவது நாள், எத்தனை மணின்னு மூணும் இல்லேன்னா அதை நம்பி எதையும் முடிவு பண்ண வேண்டாம்.

மெயின் டைனிங் ரூம் மூணு தளம். அறைக்கு ரெண்டு பேர்னு கணக்கு வச்சாலே இந்த வகுப்புக் கப்பல்ல 5,400 பேருக்கு மேல. ஸ்கூல் லீவுல 6,000 தாண்டும். ஒரு பந்தியில ஆயிரத்துக்கு மேல தட்டு ஏறக்குறைய ஒரே நேரத்துல போகணும்னா ஒவ்வொரு தட்டையும் ஆர்டர் வந்த பிறகு சமைக்க முடியாது. முன்கூட்டியே சமைச்சு, சூட்டுப் பெட்டியில வச்சு, வரிசையா எடுத்து விடறதுதான் முறை. இதுக்கு எந்தப் பண்டம் தாங்கும், எது தாங்காதுன்னு தெரிஞ்சா பாதி ஏமாற்றம் குறையும். மெல்ல வேகவச்ச ஆட்டுக்கால், ஸ்டியூ, சூப், கறி வகை, லசான்யா இதெல்லாம் அரை மணி காத்திருந்தாலும் கெடாது. உள்ளே சிவப்பா இருக்கவேண்டிய மீடியம் ரேர் ஸ்டேக், தோல் மொறுமொறுன்னு இருக்கவேண்டிய மீன், பொரிச்சது எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே செத்துடும். ஸ்டேக் வெந்துபோச்சுன்னு ஒரு நட்சத்திரம் குடுக்கறவர் சமையல்காரரைத் திட்டலை, அந்த ஏற்பாட்டைத் திட்டறார்.

இன்னொண்ணு: பெரிய பயணிகள் கப்பல்ல கேஸ் அடுப்பு கிடையாது, தீ ஆபத்து. எல்லாமே மின்சாரம். அதனால நேரடித் தீயில வாட்டின வாசம், சுடச்சுட உப்பின புல்கா இதையெல்லாம் தேடாதீங்க.

சோதனைக்கு நான் சொல்றது சூப்பும் ரொட்டியும்தான். சூப் ஆவி பறக்க வருதா, கிண்ணம் சூடா இருக்கா, ரொட்டி அன்னிக்கு சுட்டதா, இல்லை மேல்தோல் ரப்பரா இழுக்குதா. இது சரியா இருந்தா உள்ளே ஒழுங்கு இருக்குன்னு அர்த்தம். முதல் ராத்திரியை வச்சு முடிவு கட்டாதீங்க. அன்னிக்குக் காலையிலதான் பழைய பயணிகளை இறக்கி, சரக்கு ஏத்தி, புது முகங்களை உட்கார வச்சிருப்பாங்க. ரெண்டாவது, மூணாவது ராத்திரிதான் நிஜமான தரம். அதே மாதிரி கீரை, பெர்ரி வகையை ஆறாவது நாள்ல குறை சொல்றதும் நியாயமில்லை. பெரும்பாலான சரக்கு கிளம்பற துறைமுகத்துல ஏறினது.

பஃபேயில பாத்திரத்தைப் பாருங்க. ஆழம் குறைஞ்ச தட்டத்தை அடிக்கடி மாத்தறாங்கன்னா நல்லது. ஆழமான பாத்திரத்துல ஓரம் காய்ஞ்சு, நடுவுல தண்ணி விட்டு நின்னா விட்டுடுங்க. திறந்த முதல் அரை மணிதான் ராஜாங்கம். ஏறற அன்னிக்கு 12லிருந்து 2 வரை மொத்தக் கூட்டமும் விண்ட்ஜாமர்லதான் நிக்கும். நீங்க கப்பல் நடுவுல இருக்கற தோட்டம், சென்ட்ரல் பார்க்ல இருக்கற பார்க் கஃபேக்குப் போயிடுங்க. சொலாரியம் பிஸ்ட்ரோ காலியா இருக்கும்னு சொல்லுவாங்க, ஆனா அந்தப் பகுதி 16 வயசுக்கு மேலதான், உங்க பசங்களுக்கு ஆகாது.

பேக்கேஜ்: உங்க குடும்பத்துக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். சுத்த சைவக்காரங்க ரெண்டு பேருக்கு ஸ்டேக் கடையில காசு கட்டி வேகவச்ச காய்கறி சாப்பிடறதுல என்ன இருக்கு? எந்தத் துறைமுகத்துலயும் நிக்காத கடல் நாள்ல சாப்ஸ்ல மதியம் திறந்தா அது ராத்திரியை விட மலிவு. நீங்களும் பசங்களும் மட்டும் ஒரு தடவை போயிட்டு வாங்க, போதும்.

மாலினி_எடிசன்:
சைவத்துக்கு நான் சொல்றேன். புக்கிங்ல உணவுக் குறிப்புன்னு ஒரு இடம் இருக்கும். அதுல இந்திய சைவம், முட்டை கூடாதுன்னு இப்பவே போட்டுடுங்க. போட்டா மட்டும் வேலை நடந்துடாது. முதல் ராத்திரி மெயின் டைனிங்ல உட்கார்ந்ததும் வெயிட்டர்கிட்ட இல்லாம ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டுச் சொல்லணும். மறுநாளுக்கு என்ன வேணும்னு முந்தின ராத்திரியே கேட்டுப்பாங்க. பருப்பு, ஒரு காய், சாதம், ரொட்டி, ரைத்தான்னு மெனுவுல இல்லாதது தட்டுல வந்துடும். இதுக்காகவே நேரம் குறிச்ச பந்தியை எடுங்க. நேரம் குறிக்காம இஷ்டத்துக்குப் போற மை டைம்ல தினமும் புது மேசை, புது ஆளுன்னு ஆனா ஏழு ராத்திரியும் முதல்லேருந்து விளக்கிட்டு உட்காரணும். வடநாட்டுச் சமையல்தான் வரும். இட்லி தோசையை எதிர்பார்க்கச் சொல்லாதீங்க பெரியவங்களை.

முட்டைதான் பெரிய தலைவலி. கேக், மூஸ், மயோனைஸ், நிறைய பாஸ்தா, பளபளன்னு இருக்கற பன் மேல தடவினது, எல்லாத்துலயும் இருக்கும். மெயின் டைனிங்ல பால், முட்டை எதுவும் சேராத வீகன் மெனுவைத் தனியா கேளுங்க, குடுப்பாங்க. அதுல இருக்கற இனிப்பை அம்மா பயமில்லாம சாப்பிடலாம், முட்டையும் இருக்காது, ஜெலட்டினும் இருக்காது.

பேர்ல காய்கறின்னு இருந்தும் சைவம் இல்லாதது: வெஜிடபிள் சூப் (அடித்தண்ணி சிக்கன் ஸ்டாக்கா இருக்கலாம்), சீசர் சாலட் சாஸ் (நெத்திலி), தாய் கறி (மீன் சாஸ்), மெக்ஸிகன் பீன்ஸ் மசியல் (பன்றிக் கொழுப்பு சேர்க்கற வழக்கம் உண்டு), பார்மசான் சீஸ் (பாலைத் திரிக்க கன்னுக்குட்டி வயித்துல எடுக்கற ரென்னெட்). ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸுக்கு ஒண்ணே கேளுங்க: சிக்கன் பொரிச்ச அதே எண்ணெயான்னு. பஃபேயில கரண்டி இடம் மாறிக்கிட்டே இருக்கும். கறி எடுத்த இடுக்கி அடுத்த நிமிஷம் பனீர் தட்டத்துல கிடக்கும். திறந்தவுடனே போகச் சொல்றதுக்கு அதுவும் ஒரு காரணம். இல்லேன்னா கவுன்ட்டர்ல இருக்கறவங்ககிட்ட உள்ளேருந்து புதுசா எடுத்துத் தரச் சொல்லலாம், முகம் சுளிக்க மாட்டாங்க.

இசுமியில கண்ணெதிர சமைச்சுக் காட்டற தெப்பன்யாக்கி மேசைக்குப் பெரியவங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. எல்லாருக்கும் ஒரே சூட்டுத் தகடு, இறைச்சியும் அதுலதான் வேகும்.

திரைச்சீலை:
ஷோக்களைப் பற்றி. ஒயாசிஸ் வகுப்பில் நான்கு மேடைகளை நீங்கள் பார்க்க வேண்டும்: பெரிய அரங்கமான ராயல் தியேட்டர் (சில கப்பல்களில் பெயர் வேறு), கப்பலின் பின்முனையில் திறந்தவெளியில் உள்ள அக்வா தியேட்டர், பனிச்சறுக்கு நடக்கும் ஸ்டூடியோ பி, சிறிய காமெடி அரங்கம். எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். ஆனால் இடம் அளவானது. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே கப்பல் கம்பெனியின் பயணத் திட்டப் பக்கத்தில் முன்பதிவு திறக்கும். திறந்த நாளே ஆறு பேருக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். பதிவு செய்தும் தாமதமாகப் போனால் பயனில்லை. தொடங்கப் பத்துப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது காலி இருக்கைகளைப் பதிவு இல்லாத வரிசைக்குத் திறந்துவிடுவார்கள். பதிவு கிடைக்காதவர்களுக்கு இதே வழிதான். அந்த வரிசையில் அரை மணி முன்னால் நின்றால் பெரும்பாலும் உள்ளே போய்விடலாம்.

முதலில் பதிய வேண்டியது அக்வா தியேட்டர், அதிலும் வாரத்தில் வரும் முதல் காட்சி. காரணம் காற்று. குளம் சுமார் 5.5 மீட்டர் ஆழம், குதிக்கும் மேடை 10 மீட்டர் உயரம். கப்பல் லேசாக ஆடினாலே மேலே நிற்பவருக்கும் கீழே உள்ள தண்ணீருக்கும் நேர்க்கோடு விலகும், குளத்து நீரும் தளும்பும். அதனால் கடைசி நேரத்தில் ரத்து செய்வார்கள், அல்லது உயரக் குதியல்களை மட்டும் வெட்டுவார்கள். முதல் காட்சி போனால் அடுத்ததில் இடம் தர முயல்வார்கள். கடைசிக் காட்சிக்குப் பதிந்திருந்தால் அடுத்தது என்று ஒன்றே இல்லை. முன்வரிசைகள் நனையும், பசங்களுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்கு நடு வரிசை. ஒயாசிஸுக்குப் பிறகு வந்த ஐகான் வகுப்பில் இதே தண்ணீர் மேடையை முன்பக்கம் கண்ணாடிக் கூரைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், காற்றுத் தொல்லைக்கு அதுவே பதில்.

பனிச்சறுக்கு என் கணக்கில் கப்பலின் சிறந்த காட்சி. தளம் ஊரில் உள்ள ஆடுகளங்களை விட மிகச் சிறியது. வேகம் எடுக்க ஓட்டம் போதாது. தரையும் ஆடும். ஆகவே போட்டிகளில் வரும் மூன்று சுற்றுக் குதியலை எதிர்பார்த்து மதிப்பெண் போடக்கூடாது. பார்க்க வேண்டியது காலை ஊன்றும் விதம்: குதித்து இறங்கியதும் ஒற்றைக் காலில் பின்னோக்கி வழுக்கிச் செல்கிறாரா, இரண்டு காலையும் வைத்துச் சமாளிக்கிறாரா. கடல் கொந்தளிக்கும் நாளில் அவர்களே குதியலைக் குறைத்துச் சுழற்சியைக் கூட்டுவார்கள். அது திறமைக் குறைவு ஆகாது.

ராயல் தியேட்டரில் இசைக்குழு நேரில் வாசிக்கிறதா என்று கவனியுங்கள். மேடையில் நான்கு பேர் பாடும்போது இருபது பேர் குரல் கேட்டால் பின்னணி பதிவு செய்யப்பட்டது. அது எல்லாக் கப்பலிலும் உண்டு. தனிக்குரலும் பதிவாக இருந்தால்தான் குறை. மேல்தளத்தின் முன்வரிசை நடுப்பகுதிதான் நல்ல இடம். கீழ்த்தளத்தில் பின்னால், மாடிக்கு அடியில் உட்கார்ந்தால் ஒலி அமுங்கும்.

பழைய ரிவ்யூக்களில் நடிகர்களைப் பற்றி எழுதியதை நம்ப வேண்டாம். ஒப்பந்தம் சில மாதங்களுக்குத்தான். போன வருடம் பாராட்டப்பட்ட பாடகர் இன்று வேறு கப்பலில் இருப்பார். குழு மாறும் வாரமாக அமைந்தால் ஒரு ஷோ மொத்தமாகவே அட்டவணையில் இருக்காது. அரங்க அமைப்பு, ஒளி, ஒலி பற்றி எழுதியது மட்டும் பழையதானாலும் செல்லும். காமெடி அரங்கம் சிறியது, சீக்கிரம் நிரம்பும்; இரவுக் காட்சி பெரியவர்களுக்கானது, 14 வயதுப் பிள்ளையோடு சேர்ந்து உட்கார உங்களுக்கே சங்கடமாக இருக்கும்.

சுக்காணி:
ருசியைப் பற்றி எல்லாரும் சொல்லியாச்சு. சுத்தத்துக்கு மார்க் போட ஆள் இருக்கு. அமெரிக்கத் துறைமுகத்துக்கு வர்ற கப்பல்களை சிடிசி-ங்கற அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு அமைப்போட கப்பல் சுகாதாரப் பிரிவு சொல்லாம வந்து சோதிக்கும். 100க்கு மார்க், 85ம் அதுக்குக் கீழயும் ஃபெயில். கப்பல் பேரைப் போட்டு இணையத்துல யாரும் பார்க்கலாம். மார்க்கோட நிறுத்தாம அறிக்கையைத் திறந்து படிங்க. தரை ஓடு உடைஞ்சிருக்குன்னு ஒரு மார்க் போனா அது சின்னக் குறை. சூட்டுல வைக்கவேண்டியது 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழயோ, குளிர்ல வைக்கவேண்டியது 5 டிகிரிக்கு மேலயோ இருந்துச்சுன்னா அது பெரிய குறை, வெட்டும் அதிகம். போன ரெண்டு மூணு அறிக்கையிலயும் அதே பஃபே கவுன்ட்டர் திரும்பத் திரும்ப வருதான்னு பாருங்க.

பெரியவங்க கூட வர்றதால இன்னொண்ணு. பஃபே வாசல்ல கையில கிருமிநாசினி ஜெல் ஊத்துவாங்க. வாந்தி பேதி உண்டாக்கற நோரோ வைரஸை ஜெல் சரியா கொல்லாது. பக்கத்துலயே வாஷ்பேசின் இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவிட்டு உள்ளே போங்க.

நீலக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேக்கேஜை விட்டுட்டேன். ரெண்டு சின்னச் சந்தேகம். 5:30 பந்தி எடுத்தா ஷோவுக்கு நேரம் சரியா வருமா? கம்பெனியோட சொந்தத் தீவு கோகோகேயில இறங்கற அன்னிக்கு அப்பா அம்மாவுக்கு மதியச் சாப்பாடு என்ன?

திரைச்சீலை:
சாப்பாடு ஒன்றரை மணி நேரம் இழுக்கும். 7 மணிக் காட்சி என்றால் இனிப்பை விட்டுவிட்டு ஓட வேண்டி வரும், 7:30 என்றால் சரியாக இருக்கும். ஷோ இருக்கும் இரவுகளில் உட்கார்ந்ததுமே வெயிட்டரிடம் நேரத்தைச் சொல்லிவிடுங்கள், தட்டுகளை அதற்கேற்ப விரைவாக விடுவார். பனிச்சறுக்குக்குப் பகல் காட்சி இருந்தால் அதை எடுங்கள், டின்னரோடு மோதாது.

மாலினி_எடிசன்:
தீவுல ஸ்கிப்பர்ஸ் கிரில், சில் கிரில் ரெண்டுலயும் சாப்பாடு டிக்கெட்டுக்குள்ளதான். பர்கர், கோழி, டாக்கோ மாதிரி கிரில் வகைதான் அதிகம். பெரியவங்களுக்கு சாலட், சாதம், பழம்னு ஒப்பேத்தலாம், ஆனா அங்க போய் ஸ்பெஷலா சமைக்கச் சொல்ல முடியாது. கப்பல் படகுத்துறையிலேயே கட்டி நிக்கும்ங்கறதால மதியம் திரும்பி வந்து விண்ட்ஜாமர்ல சாப்பிட்டுட்டு மறுபடி இறங்கலாம். பெரும்பாலானவங்க தீவுல இருக்கறதால அன்னிக்கு மதியம் அங்க கூட்டமே இருக்காது. திரும்ப ஏற அறைக் கார்டை மறக்காம எடுத்துட்டு இறங்கச் சொல்லுங்க.

அடுப்படி:
ஒரு சேர்க்கை. லாப்ஸ்டர் ராத்திரி ஒண்ணு வரும், பசங்க கேப்பாங்க. மெயின் டைனிங்ல மத்த சாப்பாட்டை ரெண்டாவது தட்டு கேட்டா சும்மா குடுப்பாங்க, லாப்ஸ்டர்ல முதல் ஒண்ணுதான் சும்மா. மெனுவுல விலை போட்ட ஸ்டேக் வகைக்கும் காசு உண்டு. வெயிட்டர் விலையைச் சொல்லாமலே எடுத்துட்டு வந்து வச்சிடலாம். ஆர்டர் பண்ணும்போதே கேட்டுடுங்க.