டெக்சாஸ் பிரசவ பில்: எச்3038-பி (H3038-P) படிவம் தாமதம், உதவி தேவை

ஹூஸ்டனில் உள்ள ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். கணவர் கேஸ் ஸ்டேஷனில் கேஷியர். அகதி விண்ணப்பம் நிலுவையில் இருப்பதால் மனைவிக்கு முழு மெடிகெய்ட் (குறைந்த வருமானத்தாருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கிடையாது. சிப் பெரினேட்டல் (பிறக்கப்போகும் குழந்தைக்கான கர்ப்பகால அரசுக் காப்பீடு) கிடைத்தது. வருமானம் வறுமைக்கோட்டின் 198 சதவீதத்துக்குள்தான். ஆகவே டாக்டர் கட்டணம் சிப்பிலும், ஆஸ்பத்திரிக் கட்டணம் அவசர மெடிகெய்டிலும் (அவசர சிகிச்சைக்கு மட்டுமான மெடிகெய்ட்) போக வேண்டும்.

மார்ச்சில் சிசேரியன். டாக்டர் பில் தீர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி மட்டும் 31,000 டாலர் கேட்கிறது. பிரசவத்துக்குப் பின் எச்3038-பி படிவத்தைப் பூர்த்தி செய்து மாநிலத்துக்கு அனுப்பினால்தான் தாய் பெயரில் அவசர மெடிகெய்ட் ஏறும். அதை யாரும் அனுப்பவில்லை. இவ்வளவு பெரிய தொகை ஒரே ஒரு தாளில் தொங்குகிறது!

211-இல் (மாநில உதவித் தொலைபேசி எண்) கேட்டோம்: படிவம் வரவில்லை என்றார்கள். டாக்டரிடம் புதிதாகக் கையெழுத்து வாங்கி ஜூலையில் ஃபேக்ஸ் செய்தோம். இப்போது தகுதி பதிவாகிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவு, மெடிகெய்டுக்குக் கிளெய்ம் (பணம் கேட்கும் விண்ணப்பம்) அனுப்ப பிரசவ நாளிலிருந்து 95 நாள் கெடு முடிந்தது என்கிறது. பின்னால் ஏறிய தகுதிக்கு, கணினியில் பதிவான நாளிலிருந்துதான் அந்த 95 நாள் என்று சொல்லியும் ஏற்கவில்லை. லாப நோக்கற்ற ஆஸ்பத்திரி என்பதால் நிதியுதவி விண்ணப்பமும் போட்டாயிற்று (முதல் பில்லிலிருந்து 240 நாள் வரை ஆஸ்பத்திரி அதை ஏற்றாக வேண்டும்). அதற்குப் பதில் வரவில்லை. ஐட்டம் வாரியான பில் கையில் இருக்கிறது.

தகுதி பதிவான தேதியைக் காட்ட எந்த ஆவணத்தை, ஆஸ்பத்திரியில் யாரிடம் கொடுத்தால் கிளெய்மை அனுப்புவார்கள்?