மண்டபம் ஆபீஸ் கம்ப்யூட்டரை வீட்டிலிருந்து இயக்குவது எப்படி?

தங்கச்சிமடம்காரி:
வணக்கம். மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்துவிட்டால் எடைச்சீட்டெல்லாம் நேரங்கெட்ட நேரத்தில்தான் வந்து சேரும், அதை டேலி கணக்கு மென்பொருளில் ஏற்ற மறுபடியும் பாலம் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. ஆபீஸில் விண்டோஸ் 11 ஹோம். முதலாளி சம்மதித்துவிட்டார். தெரிந்தவர் ஒருவர் ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசலான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்கிறார். செய்யலாமா?

கீழக்கரை நெட்வொர்க்:
தயவுசெய்து வேண்டாம் சகோதரி. எந்த முகவரியில் 3389 திறந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கும் நிரல்கள் ராத்திரி பகல் பார்க்காமல் ஓடுகின்றன. பாஸ்வேர்டு சிக்கினால் டேலி டேட்டா மொத்தத்தையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். அப்புறம், ஹோம் பதிப்பிலிருந்து வேறு கம்ப்யூட்டருக்குள் போகலாமே தவிர, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் யாரும் வர முடியாது, அதற்கு ப்ரோ பதிப்பு வேண்டும். ப்ரோ வாங்கினால் இரண்டு பக்கமும் டெயில்ஸ்கேல் (இரண்டு கம்ப்யூட்டரையும் தனி வழியில் இணைக்கும் விபிஎன் மென்பொருள்) போட்டு, அது கொடுக்கும் 100-இல் தொடங்கும் முகவரிக்கு இணையுங்கள், ரவுட்டரைத் தொடவே வேண்டாம். செலவு வேண்டாம் என்றால் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் ஹோமிலேயே ஓடும். பின் நம்பர் குறைந்தது 6 இலக்கம் கேட்கும், பிறந்த தேதியைப் போடாதீர்கள். கூகுள் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம்.

ராம்நாடு சர்வீஸ்:
மேலே சொன்னது சரி. ஆனால் நம்ம பக்கம் ஆளைக் கவிழ்ப்பது கரண்ட்தான். ஐப்பசி கார்த்திகையில் காற்றும் மழையுமாக அடிக்கும்போது கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் அணைந்தே கிடக்கும், வீட்டிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய், ஏசி பவர் போய் வந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் பவர் ஆன் என்று மாற்றி வையுங்கள், போர்டுக்குப் போர்டு பெயர் கொஞ்சம் மாறும். விண்டோஸில் ஸ்லீப்பை நெவர் ஆக்குங்கள். முக்கியமாக, மோடத்தையும் யூபிஎஸ்ஸில் சொருகுங்கள். பல ஆபீஸில் கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் இருக்கும், மோடம் சுவர் பிளக்கில் தொங்கும். கடல் பக்கம் என்பதால் லேன் வயரின் முனையையும் பாருங்கள். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தால் வெட்டிவிட்டுப் புது முனை அடித்துவிடுங்கள்.

தங்கச்சிமடம்காரி:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். குரோமிலேயே ஆரம்பிக்கிறேன். ராத்திரி ஆபீஸில் வாட்ச்மேன் இருப்பார், நான் செய்வது அங்கே திரையில் தெரியுமா? சம்பளக் கணக்கும் அதில்தான் இருக்கிறது.

கீழக்கரை நெட்வொர்க்:
குரோமில் அப்படியே தெரியும். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் என்றால் அங்கே பூட்டுத் திரைதான் நிற்கும், சம்பளக் கணக்கு இருப்பதால் ப்ரோ வாங்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். அதுவரை கிளம்பும்போது மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு வாருங்கள், சிபியூ ஓடட்டும். வேலை முடிந்ததும் விண்டோஸைப் பூட்டிவிட்டு வெளியே வாருங்கள், இணைப்பை மட்டும் துண்டித்தால் டேலி திறந்தபடியே கிடக்கும்.