கேம்பர் வேன் பிரிட்ஜ்: கேஸில் சுடர் அணையுது

கேள்வி: நுவரெலியாவில் வாங்கிய பாவித்த வேன். பிரிட்ஜ் 230 வோல்ட் கரண்டில் நல்லாக் குளிருது. கேஸில் மஞ்சளாக எரிந்து அணையுது. எதைப் பார்க்கலாம்?

பதில்: கரண்டில் குளிருதென்றால் குளிரவைக்கிற அமோனியாக் குழாய்கள் நல்லாத்தான் இருக்கு, கோளாறு பர்னர் பக்கம். மஞ்சள் சுடர் என்றால் காற்றுப் போதவில்லை. நுவரெலியாவின் 1,868 மீட்டர் உயரத்தில் காற்றும் அடர்த்தி குறைவு. சிலிண்டரை மூடிட்டு, புகைக்குழாய்க் கரியை பிரஷ்ஷால் எடுங்க. ஜெட்டை (பர்னருக்குக் கேஸ் வரும் சின்னத் துளையுள்ள மூக்கு) கழற்றி ஸ்பிரிட்டில் ஊறவைத்து ஊதிக் காயவையுங்க. கம்பியால குத்தவே வேணாம். துளை பெருத்தால் மறுபடி கரிதான்.

பதில்: நீலமாக எரிந்தும் அணைந்தால் தர்மோகப்பிள் (சுடர் அணைந்தால் கேஸை நிறுத்த உதவும் வெப்ப உணரி) நுனி சுடருக்குள்ள இருக்கா பாருங்க தம்பி. ரெகுலேட்டர் அழுத்தம் பிரிட்ஜ் தகட்டில் உள்ளதோட பொருந்தணும். மாட்டியபிறகு மூட்டுகளில் சவர்க்கார நுரை பூசி கசிவு பாருங்க.

பதில்: வேனைச் சரிவில் நிறுத்தி பிரிட்ஜை ஓட்டாதீங்க, குழாய்களில் திரவம் தேங்கிடும். அமோனியா வாடை வந்தால் உடனே அணைங்க.