தீபாவளி இரவுச் சாப்பாடு: மாமிக்குக் கௌரி விரதம், தம்பிமாருக்கு ஆட்டிறைச்சி

உப்புவெளி மருமகள்:
இந்த முறை தீபாவளி இரவுச் சாப்பாடு திருகோணமலையில் எங்கள் வீட்டில். 17 பேர். இவருடைய தம்பிமார் இருவரும் குடும்பத்தோடு கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் வருகிறார்கள். மச்சாள் குடும்பம் பாலையூற்றிலிருந்து வருகிறது.

மாமி கேதார கௌரி விரதம். அமாவாசையன்று கோயிலில் காப்புக் கட்டும்வரை வீட்டில் மீன் வாசனைகூட வரக்கூடாது. இம்முறை காப்பு, தீபாவளிக்கு மறுநாள். தம்பிமாரோ, "தீபாவளிக்கு ஆட்டிறைச்சி இல்லாமலா, அண்ணி?" என்கிறார்கள். இவரைக் கேட்டால், "அம்மாவையும் நோகடிக்காதே, தம்பியாக்களையும் ஏமாத்தாதே" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளைக் கழுவப் போய்விட்டார்.

முதல் நாள் மாலைவரை எனக்கு வேலை. சோறும் மரக்கறியும் கடையில் சொல்லி எடுப்போம், வடை பாயசம் நான் செய்கிறேன் என்றேன். "நல்ல நாளில் கடைச்சோறா?" என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டா. கடையில் எடுப்பது அப்படியென்ன குற்றம்?

உவர்மலைக் கிழவன்:
குற்றம் இல்லை, பிள்ளை. ஆனால் சரியும் இல்லை. 21 நாளாக ஒரு நேரம் சாப்பிடுகிற மனுசி அவ. கடைக் குசினியில் எந்த அகப்பை எந்தச் சட்டிக்குள் போனது என்று யாருக்குத் தெரியும்?

எங்கள் வீட்டிலும் அம்மா விரதம்தான், ஆனாலும் ஆடு நின்றதில்லை. ஒழுங்கையில் 7 வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கும். விடிய எண்ணெய் வைத்து முழுகிவிட்டு வந்தால் தென்னோலையில் பங்கு பிரித்திருப்பார்கள். அப்பா பின்வளவில் முருங்கைக்குக் கீழே 3 கல் வைத்துச் சமைப்பார். குசினிக்குள் அதன் வாசனையே போகாது. மனம் இருந்தால் எல்லாம் நடக்கும்.

நிலாவெளிக் காற்று:
ஐயா, அந்தச் சட்டியைக் கழுவியது யார்?

உவர்மலைக் கிழவன்:
அம்மாதான். சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் போட்டுத் தேய்த்துவிட்டுத் திரும்ப முழுகுவா. சரி, அதை நான் எழுதியிருக்க வேண்டும்.

தம்பலகாமத்தான்:
நானும் அந்தத் தம்பிமார் சாதிதான், கொழும்பில் வேலை. எங்களையும் கொஞ்சம் பாருங்கள். ஆட்டிறைச்சி கொழும்பில் இல்லாமலா? வறுத்து இடித்த வீட்டுத் தூளும் முதல்பாலும் சேர்ந்த அந்தக் குழம்பு அங்கே இல்லை. வருடத்தில் ஒரு நாள் கேட்கிறோம். காப்புக் கட்டியபிறகு, அடுத்த நாள் வைத்தால் போச்சு.

நிலாவெளிக் காற்று:
தம்பி, கலண்டரைப் பாருங்கள். அமாவாசைக்கு மறுநாள் பிரதமை. அன்றைக்கே கந்த சஷ்டி தொடங்கும், 6 நாள். மாமி அதையும் பிடிப்பாவா?

உப்புவெளி மருமகள்:
பிடிப்பா.

தம்பலகாமத்தான்:
அப்படியென்றால் தீபாவளி மத்தியானம் மச்சாள் வீட்டில் இறைச்சி, இரவு அண்ணி வீட்டில் சைவம். முடிந்தது.

நிலாவெளிக் காற்று:
என்ன முடிந்தது? ஒரு பெண்ணின் தலையிலிருந்து இறக்கி இன்னொரு பெண்ணின் தலையில் வைத்திருக்கிறீர்கள். மச்சாளும் அன்றைக்குப் புதுச்சீலை கட்டத்தானே இருப்பா? கேட்கிறவரே வெங்காயம் உரிக்கட்டும். அதோடு, ஐயா சொல்வதுபோல் கடையே கூடாது என்றில்லை. நகரில் சைவக் கடைகள் இருக்கின்றன. மச்சம் மாமிசம் அந்த வாசலுக்குள்ளேயே போகாது.

உவர்மலைக் கிழவன்:
சைவக் கடை சரி, மற்றவர்களுக்கு வாங்குங்கள். ஆனால் விரதக்காரிக்கு உள்ளதை வீட்டில் முழுகிவிட்டுச் செய்ய வேண்டும். இதில் நான் மாற மாட்டேன். கோபம் கடைச்சோற்றில் இல்லை, பிள்ளை. தன்னிடம் ஒரு சொல் கேட்காமல் நீங்கள் முடிவெடுத்தீர்களோ என்று நினைக்கிறேன்.

உப்புவெளி மருமகள்:
அந்தக் கடைசி வரியை வாசித்தபோது எரிச்சல்தான் வந்தது. 17 பேருக்குச் சமைக்கச் சொன்னபோது என்னிடம் யார் ஒரு சொல் கேட்டார்கள்?

ஆனாலும் நேற்றிரவு மாமிக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவ உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தா. சுளகை என் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தா. அரைக் கொத்து முடியும்வரை இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு, "வடையை நான் சுடுறன். சோறு கறியை எங்கேயாவது எடு. எனக்கு மட்டும் எடுக்காதே" என்றா. கோபம் போகவில்லை, குரலில் தெரிந்தது. ஆனால் சரி.

இரவுக்குச் சைவக் கடையில் சோறும் 5 கறியும் சொல்லியாச்சு. இனிப்புக்குப் பாயசத்தோடு கிண்ணியா எருமைத் தயிர் 4 சட்டி, கித்துள் பாணி. இறைச்சி மத்தியானம் பாலையூற்றில், மச்சாள் வீட்டு முற்றத்தில். இவரும் தம்பிமாரும்தான் சமைக்க வேண்டும். மச்சாள் கதிரையில் இருப்பா. அந்த நிபந்தனையை மச்சாளே போட்டா. இதை இவரிடம் சொன்னதும், "எங்கட தாச்சி எங்கே இருக்கு?" என்று கேட்டார். கல்யாணம் முடித்து 11 வருடம்.

உவர்மலைக் கிழவன்:
ஆட்டுக்குத் தாச்சி சரிவராது, பிள்ளை, மண்சட்டி எடுக்கச் சொல்லுங்கள். அதுவும் மச்சாள் வீட்டுச் சட்டியாக இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சட்டி ஆட்டோடு போய்த் திரும்பி வந்தால், மாமி அதை எந்தக் குசினிக்குள் விடப்போகிறா?