தங்கச்சி 400 சட்டவேலி ஓட்டத்த விடப்போறாளாம், டலீலா – சிட்னி போட்டி தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்க

வாவிக்கரை_அக்கா (களுவாஞ்சிக்குடி):

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்து வாசிங்க.

என்ட தங்கச்சிக்கு 17 வயசு, 400 மீற்றர் சட்டவேலி ஓடுறாள். போன கிழமை வலய மட்டத்தில ரெண்டாமிடம். பக்கத்து ஸ்கூல் புள்ள ஒண்டுக்கிட்டத்தான் தோத்தவள், போன வருஷமும் அதே புள்ளதான். இந்தமுறை எட்டாவது வேலி வரைக்கும் இவள்தான் முன்னுக்கு, நாங்க எல்லாரும் கத்திக்கொண்டு நிக்கிறம், கடைசி நேர்ப்பாதையில அந்தப் புள்ள வந்து தாண்டிற்று போயிற்றா. மாகாணத்துக்கு ரெண்டு பேரையும் எடுத்திரிக்காங்க. ஆனா இவள் வீட்ட வந்து ஸ்பைக்ஸ கழட்டி கட்டிலுக்கு அடியில தள்ளிப்போட்டு, அவ இரிக்கும் வரைக்கும் நான் ரெண்டாவதுதான், நான் 800க்கு மாறப்போறன் இல்லாட்டி முழுசா விடப்போறன் எண்டு நிக்கிறாள். அம்மாவும் ஏ.எல் வருது விட்டா நல்லம் எண்டு சொல்லத் தொடங்கிற்றா.

இவளுக்கு இந்த ஆசை வந்ததே டோக்கியோ ஒலிம்பிக் ஃபைனல பாத்துத்தான். 2021 ஓகஸ்ட் 4, கொரோனா நேரம், எங்கட நேரப்படி காலம எட்டு மணி, ரெண்டு பேரும் ஒரே ஃபோன்ல பாத்தம். அமெரிக்காட ரெண்டு பெண்கள், சிட்னி மெக்லாஃப்லினும் டலீலா முஹம்மத்தும் ஓடினது. அண்டைக்குப் பின்னேரமே முத்தத்தில ரெண்டு கதிரைக்கு நடுவுல ஈர்க்குக் கட்டு வெச்சி பாயத் தொடங்கினவள். இப்ப அதே ஓட்டத்த காட்டித்தான் இவள திருப்பலாமெண்டு நினைக்கிறன். எனக்கு ஓட்டம் பத்தி பெரிசா தெரியா. டலீலா இல்லாட்டி சிட்னி இவ்வளவு கெதியா ஓடியிருப்பாவா? பக்கத்தில பலமான ஆள் ஒண்டு ஓடுறது நல்லமா, இல்ல மனச உடைக்கிறதா?

———

சுவட்டுப்பாதை (மட்டக்களப்பு):

தங்கச்சி, ரெண்டாவது எண்டு எழுதியிரிக்கீங்க, ரைம் எழுதல்ல. போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு? 20 வருஷத்துக்கு மேல புள்ளைகளுக்கு ஓட்டம் பழக்கிறன், தோத்து அழுதுகொண்டு வாற புள்ளக்கிட்ட முதல் கேக்கிறது அதைத்தான். பாத்து எழுதுங்க.

இப்ப கேள்விக்கு வாறன். 2003ல ரஷ்யாட பெச்சோன்கினா 52.34 செக்கன்ல ஓடி வெச்ச உலக சாதனை கிட்டத்தட்ட 16 வருஷம் அசையாம கிடந்தது. அத 2019 ஜூலையில அமெரிக்காவில நனைஞ்ச பாதையில ஓடி உடைச்சது டலீலா, 52.20. அதே வருஷம் ஒக்டோபர்ல டோஹா உலகப் போட்டியில திரும்பவும் டலீலா, 52.16. ரெண்டாவதா வந்த சிட்னிக்கு 52.23, அப்ப அவக்கு 20 வயசு. அதுக்குப் பிறகு நடந்தத பாருங்க. 2021 ஜூன்ல யூஜீன் நகரத்தில சிட்னி 51.90, 52 செக்கனுக்குள்ள ஓடின முதல் பெண். அஞ்சாறு கிழமையில டோக்கியோ. பத்தாவது வேலி தாண்டேக்க டலீலாதான் முன்னுக்கு, இன்னும் 40 மீற்றர்தான் மிச்சம், அந்த 40 மீற்றருக்குள்ளதான் சிட்னி பிடிச்சது. 51.46. டலீலா 51.58.

அந்த 51.58 ஐ தங்கச்சிக்கு வடிவா விளங்கப்படுத்துங்க. ஓட்டம் தொடங்கேக்க இருந்த உலக சாதனை 51.90. டலீலா அதைவிட கெதியா ஓடித்தான் வெள்ளி எடுத்தவ. வயசு 31, வாழ்க்கையிலயே அவ ஓடின ஆகக் கெதியான ஓட்டம் அதுதான். மூண்டாவதா வந்த நெதர்லாந்து புள்ள ஃபெம்கே போலுக்கு 52.03, ரெண்டு மாசத்துக்கு முதல் ஓடியிருந்தா அதுவே உலக சாதனை.

இது புதுசும் இல்ல. 1993ல ஸ்டுட்கார்ட்டில இங்கிலாந்துட சாலி கன்னல் 52.74 ஓடி உலக சாதனை வெக்கேக்க, ரெண்டாவது வந்த சாண்ட்ரா ஃபார்மர்-பேட்ரிக் 52.79, அதுவும் பழைய சாதனையான 52.94க்கு உள்ள. 1995ல கோதன்பேர்க்ல கிம் பேட்டன் 52.61, டோன்யா பியூஃபோர்ட் 52.62. நூத்தில ஒரு பங்கு செக்கன். ரெண்டு பேரும் கன்னல்ட சாதனைக்கு உள்ள! இந்தப் போட்டியில உலக சாதனை உடைஞ்ச இடத்தில கனதரம் பக்கத்திலயே இன்னொருத்தி நிண்டிரிக்கா, வரலாறு முதலாவது ஆள்ட பேர மட்டும் எழுதுது. எனக்கு இதில கடுமையான கவலை. டோன்யா பியூஃபோர்ட்ட பேர இங்க எத்தின பேர் கேள்விப்பட்டிரிக்கீங்க?

———

கல்லடிப்_பாலம்:

அண்ணன் சொல்றது பாதிதான் சரி எண்டு நான் நினைக்கிறன். டோக்கியோக்குப் பிறகு சிட்னி ஓடின ஓட்டங்கள பாருங்க. 2022 யூஜீன் உலகப் போட்டி 50.68, ரெண்டாவது வந்த போலுக்கு 52.27. ஒண்டரை செக்கனுக்கு மேல இடைவெளி, 400 மீற்றர்ல அது பத்துப் பன்னிரண்டு மீற்றர், பக்கத்தில ஆளே இல்ல, அவ மணிக்கூட்டோடதான் ஓடினவ. 2024ல 50.65, பிறகு பரிஸ் ஒலிம்பிக்ல 50.37. எல்லாரும் சிட்னி – போல் போட்டியெண்டு எவ்வளவு எதிர்பாத்தம், ஏனெண்டா பரிஸ் ஓட்டத்துக்கு மூண்டு கிழமைக்கு முதல் போல் சுவிட்சர்லாந்தில 50.95 ஓடியிருந்தவ, அதுவும் சிட்னி இல்லாத ஓட்டத்தில. பரிஸ்ல சிட்னிக்குப் பக்கத்தில வந்து நிண்டோன்ன 52.15, மூண்டாமிடம். அன்னா கொக்ரல் 51.87 ஓடி வெள்ளிய கொண்டுபோயிற்றா. அப்ப பலமான ஆள் பக்கத்தில இரிக்கிறது எல்லாருக்கும் உதவி எண்டு சொல்ல ஏலாதுதானே. சில ஆக்களுக்கு அது கால்ல கட்டின கல்லு. அந்தப் புள்ளைக்கு எது எண்டு தெரியாம நாங்க இங்கயிருந்து புத்தி சொல்லக்கூடா.

ஸ்பைக்ஸும் மாறிற்று, பாதையும் மாறிற்று. அதே டோக்கியோவில முந்தின நாள் ஆம்புளைகள்ட ஃபைனல்ல நோர்வேட வார்ஹோம் 46.70 எண்டிருந்த உலக சாதனைய 45.94 ஆக்கினவர். எல்லாத்தையும் மனப் போட்டிட கணக்கில போட ஏலா.

———

சுவட்டுப்பாதை:

தம்பி சொன்னதில நியாயம் இரிக்கி, பரிஸ் ஓட்டத்த நான் மறைக்கல்ல. சிட்னி 2022க்குப் பிறகு தனியத்தான் ஓடினவ. ஆனா அந்த நிலைக்கு எப்பிடி வந்தவ? டோஹாவில தோத்த பிறகு கோச் மாத்தினவ, பொபி கெர்சிக்கிட்ட போனவ. அவர் 2021 தொடக்கத்தில அவவ 400 ஓட விடாம 100 மீற்றர் சட்டவேலி ஓட வெச்சவர், கெதியா பாஞ்சி கெதியா காலக் கீழ போடுறதுக்கு. பிறகு வேலிக்கு வேலி வைக்கிற காலடிய 14 ஆக்கினது. 14 எண்டா இரட்டைப்படை, ஒரு வேலிக்கு இடது கால் முன்னுக்கு, அடுத்ததுக்கு வலது கால். ரெண்டு காலாலயும் ஒரேமாதிரி பாயத் தெரியணும். கன வருஷ வேலை அது. டலீலா 52.16 ஐ வெச்சிப்போட்டு முன்னுக்கு நிக்காட்டி அந்த வேலைய இவ்வளவு அவசரமா செஞ்சிருப்பாவா எண்டதுதான் என்ட கேள்வி. 2003ல இருந்த சாதனையோட இப்ப உள்ளத வெச்சிப் பாத்தா 1.97 செக்கன் குறைஞ்சிரிக்கி, சிட்னி கோட்டத் தொடேக்க பெச்சோன்கினா 15 மீற்றர் பின்னுக்கு. அதில முதல் அடி அடிச்சது டலீலா.

இனி தங்கச்சிட ஓட்டத்துக்கு வருவம். எட்டு வேலி முன்னுக்கு நிண்டு கடைசியில விட்டது மனசால இல்ல, காலடியால எண்டுதான் நான் சந்தேகப்படுறன். கணக்கப் பாருங்க. முதல் வேலிக்கு 45 மீற்றர், வேலிக்கு வேலி 35, கடைசி வேலியிலயிருந்து கோட்டுக்கு 40. பாயிறதுக்கு முதல் ரெண்டு மீற்றர், பாஞ்சி விழுற இடம் ஒரு மீற்றர் சொச்சம், அத கழிச்சா ஓடுறதுக்கு கிட்டத்தட்ட 32 மீற்றர். வேலிக்கு வேலி 17 காலடி வைக்கிற புள்ளைக்கு ஒரு காலடி 1.88 மீற்றர். களைச்சா அடி சுருங்கும், 17 போதாது, 18 ஆகும், 18ல மற்றக் கால் வரும், பழகாத கால், உடனே வேலிக்கு முன்னால குத்திக் குத்தி சின்ன அடி வெச்சி நிண்டு பாயும். அதிலதான் அரைச் செக்கன் போறது. இப்ப கச்சான் காத்துக் காலம் வேற, பின்பக்க நேர்ப்பாதையில காத்து எதிர்த்தா ஆறாவது வேலியிலயே அடி கெட்டுப்போகும். வீடியோ எடுத்திருந்தா எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது வேலிக்கு எத்தின அடி எண்டு எண்ணிப் பாருங்க.

———

கடற்கரை_ராத்தா (சாய்ந்தமருது):

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் ஸ்கூல் காலத்தில 400 சட்டவேலி ஓடின ஆள், அதனால எழுதாம இரிக்க ஏலல்ல. எங்கட பிரிவில ஓடுறது நானும் இன்னொரு புள்ளயும் மட்டுந்தான். எப்பவும் அவதான் முதலாவது. அல்லாஹ் மேல ஆணையா அவவ எனக்குப் புடிக்காது, மைதானத்தில கண்டா மத்தப் பக்கம் பாப்பன். பிறகு அவ கலியாணம் முடிச்சி ஓட்டத்த விட்டுட்டா. அதுக்குப் பிறகு ரெண்டு வருஷம் நான்தான் முதலாவது, தனிய ஓடி தனிய வந்து கப்ப வாங்கிக்கிட்டு வீட்ட போனன். ஆனா என்ட ரைம் ரெண்டு வருஷமும் கூடிக்கொண்டுதான் போனது. அவ பின்னுக்கு ஓடி ரெண்டாவது வந்த ஓட்டந்தான் இன்டைக்கும் என்ட ஆகக் கெதியான ஓட்டம். இத அந்தத் தங்கச்சிக்கு வாசிச்சிக் காட்டுங்க.

இன்னொண்டு. பெண்களுக்கு 400 சட்டவேலிய ஒலிம்பிக்ல முதன்முதல் வெச்சதே 1984 லொஸ் ஏஞ்சல்ஸ்லதான். அத வெண்டது மொரோக்கோட நவால் எல் முத்தவக்கில், 54.61. ஒலிம்பிக் தங்கம் எடுத்த முதல் அரபுப் பெண். என்ட வாப்பா அவட படத்த பேப்பர்ல வெட்டி வெச்சிருந்தவர், அத காட்டித்தான் எங்கட மூத்தம்மாட்ட எனக்கு ஓட உத்தரவு வாங்கினவர். அதே ஓட்டத்தில இந்தியாட பி.டி. உஷா நாலாவது, 55.42. மூண்டாவது வந்த ருமேனியாக்காரிக்கு 55.41. நூத்தில ஒரு பங்கால பதக்கம் போயிற்று. ரெண்டாவது வந்துட்டு மாகாணத்துக்குப் போறதுக்கு அழலாமா மகள்?

———

ஏஎல்_முடிச்சவன்:

அக்கா 800க்கு மாறுறதில பிழையில்லதானே, ஃபெம்கே போலும் 800க்கு மாறப்போறன் எண்டு அறிவிச்சவ.

———

சுவட்டுப்பாதை:

ஓம் தம்பி, அறிவிச்சவ. ஆனா எப்ப? 2023ல உலக சம்பியன், 2025ல டோக்கியோவில 51.54 ஓடி திரும்பவும் உலக சம்பியன், அதுக்குப் பிறகு. வேலியில தனக்கு வேண்டியத எடுத்துட்டுப் போறதும் ஒருத்திக்கிட்ட தோத்த கோவத்தில போறதும் ஒண்டில்ல. 800 பிடிச்சிரிக்கி எண்டு சொன்னா நானே கூட்டிக்கொண்டு போய் ஓட விடுவன்.

100 மீற்றர் சட்டவேலியிலயும் ஒரு கதை இரிக்கி. கென்ட்ரா ஹரிசன் 2016ல அமெரிக்கத் தெரிவுப் போட்டியில ஆறாவது வந்து ரியோ ஒலிம்பிக்குக்குப் போக ஏலாமப் போனவ. ரெண்டு கிழமையில லண்டன்ல ஓடினவ, 12.20. 1988ல பல்கேரியாட டொன்கோவா வெச்ச 12.21 உலக சாதனை உடைஞ்சது, 28 வருஷம். எங்கட நாட்டிலயும் சிரியானி குலவன்ச 1998ல பொதுநலவாயத்தில இதே 100 சட்டவேலியில வெள்ளி எடுத்தவ, அதையும் எங்கட புள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் குடுக்கிறல்ல.

———

வாவிக்கரை_அக்கா:

எல்லாருக்கும் நன்றி, ராத்தாட பதில ரெண்டு தரம் வாசிச்சிக் காட்டினன், ஒண்டும் பேசாம கேட்டுக்கொண்டிருந்தாள்.

ரைம் தேடி எடுத்தன். போன வருஷம் இவள் 72.8, அந்தப் புள்ள 71.9. இந்த வருஷம் இவள் 69.5, அந்தப் புள்ள 69.1. எழுதி வெச்சிப் பாக்கத்தான் எனக்கே விளங்கினது, இவள் மூண்டு செக்கனுக்கு மேல குறைச்சிரிக்காள், இடைவெளி பாதிக்கு வந்திரிக்கி! நாங்க ஒருத்தரும் இத பாக்கல்ல, அவள்ட ஸ்கூல்லயும் ஒருத்தரும் சொல்லல்ல.

மாமாட மகன் எடுத்த வீடியோவ நானும் அவளும் இருந்து எண்ணினம். அண்ணன் சொன்னது சரி. ஏழாவது வரைக்கும் 17. எட்டாவதுக்கு 18. ஒன்பதாவதுக்கு 19, அதுவும் கடைசி மூண்டு அடி குத்திக் குத்தி. அந்தப் புள்ளைக்கு கடைசி வரைக்கும் 17. அதக் கண்டதும் ஃபோன என்ட கையால பறிச்சி எடுத்து அவள் தனிய இருந்து நாலஞ்சு தரம் பாத்தாள். பிறகு என்னட்ட கேட்டது, இடது காலால பாயப் பழக எவ்வளவு நாள் எடுக்கும் எண்டு. மாகாணத்துக்கு ஆறு கிழமை இரிக்கி. அதுக்குள்ள ஏலுமா? வேலிக்கு என்ன செய்யிறது, ஸ்கூல் வேலி லீவு நாள்ல எடுக்க ஏலாது.

———

சுவட்டுப்பாதை:

ஆறு கிழமையில முழுசா வராது, பொய் சொல்ல மாட்டன். ஆனா எட்டாவது வேலிக்கு 18 எண்டு தெரிஞ்சே வெச்சி, மற்றக் காலால பயமில்லாம பாயிற அளவுக்கு வரும். அதுவே அந்த அரைச் செக்கனுக்குப் போதும். முதல் ரெண்டு கிழமை உயரம் குறைச்ச வேலியில மற்றக் கால் மட்டும், நடந்து, பிறகு மெதுவா ஓடி. பிறகு போட்டி உயரம், 76 சென்ரிமீற்றர்.

பீ.வி.சீ பைப்பில ரெண்டு வேலி செய்யலாம், குறுக்குக் கம்ப இறுக்கிக் கட்டாதீங்க, கால் பட்டா விழணும். அடிக்கட்டை ஓடி வாற பக்கத்துக்குத்தான் நீட்டியிரிக்கணும், மறுபக்கமா வெச்சி ஒரு நாளும் பாய விடாதீங்க, தட்டினா சரியாது, புள்ளட முழங்கால் போயிரும்.

அளக்கிறதுக்கு என்னட்ட 50 மீற்றர் நாடா இரிக்கி. சனிக்கிழமை காலம ஆறு மணிக்கு முதல் வெபர் மைதானத்துக்குப் பக்கத்தில வாங்க, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. கச்சான் எழும்புறதுக்குள்ள முடிக்கணும். கட்டிலுக்கு அடியில கிடக்கிற ஸ்பைக்ஸ எடுத்து ஆணி எல்லாம் இறுக்கமா இரிக்கா எண்டு பாத்துக்கொண்டு வரச் சொல்லுங்க.