ஆலை ஓய்வூதியம் 1,336 ரூபாய். அம்மாவுக்கு முதியோர் உதவித்தொகை கிடைக்குமா?

மஞ்சக்குப்பத்தான்:
அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கடலூரில் வசிக்கிறோம். என் தந்தை புதுச்சேரியில் ஒரு நெசவாலையில் 1996 முதல் 2013 வரை 17 ஆண்டுகள் வேலை பார்த்து, 58 வயதில் ஓய்வு பெற்றார். அன்று நிர்ணயித்த மாத ஓய்வூதியம் 1,336 ரூபாய். இன்றும் அதே 1,336தான் வருகிறது. இதை உயர்த்தக் கேட்க வழியுண்டா? அம்மாவுக்கு 66 வயது. சொந்த வருமானம் எதுவுமில்லை. அவருக்கு முதியோர் உதவித்தொகை கேட்கலாமா? தந்தை உழைத்தது புதுச்சேரியில் என்பதால் அங்கே விண்ணப்பிக்க முடியுமா? இதற்கிடையில், ரேகை பதியவில்லை என்று உயிர்வாழ் சான்று தடைபட்டு, மூன்று மாதங்களாகப் பணம் நின்றுபோயிருக்கிறது.

முத்தியால்பேட்டை கணக்கர்:
கணக்கில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த 1995ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தின்படி சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பார்கள். சராசரி 5,500 என்று வைத்துக்கொண்டால், 17 ஆண்டுகளுக்கு 1,336 வருகிறது. அரசு ஊழியர் ஓய்வூதியத்தோடு சேரும் அகவிலைப்படி இத்திட்டத்தில் கிடையாது. ஆகையால் விலைவாசி எவ்வளவு ஏறினாலும் தொகை நின்ற இடத்திலேயே நிற்கும். 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று ஆக்கினார்கள். தங்கள் தந்தை அதற்கு 336 ரூபாய் மேலே இருப்பதால் அந்த உயர்வு அவரைத் தொடவேயில்லை. 2022 நவம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஓய்வூதியத்துக்குக் கணக்கில் கொள்ளும் சம்பள உச்சவரம்பைத் தாண்டிய சம்பளத்துக்குச் சந்தா கட்டியவர்களைப் பற்றியது. தங்கள் தந்தை ஓய்வு பெற்றபோது இருந்த வரம்பான 6,500க்கு உட்பட்டவர்களுக்கு அதனால் பயனில்லை.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது; ஆயினும் தெரிந்திருப்பது நல்லது. தந்தை காலத்துக்குப் பிறகு மனைவிக்குப் பாதித் தொகை, அதாவது 668 வரவேண்டும். ஆனால் அந்தக் குறைந்தபட்சம் கைம்பெண் ஓய்வூதியத்துக்கும் பொருந்துவதால் 1,000 கிடைக்கும்.

ஆல்பேட்டை வாசகி:
எந்த ஊரில் உழைத்தோம் என்பதை உதவித்தொகைக்குப் பார்ப்பதில்லை, எங்கே குடியிருக்கிறோம் என்பதைத்தான் பார்க்கிறார்கள். புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் தொகை கூடுதல் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பேருந்தில் சிறிது நேரப் பயணம்தான், ஆனால் குடும்ப அட்டை கடலூரில் இருக்கும்வரை தங்களுக்குத் தமிழ்நாட்டு விதிதான். இங்கே 2023இல் 1,000 ரூபாயை 1,200 ஆக்கினார்கள். மத்திய அரசின் வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவர்களுக்கு அதில் மத்தியப் பங்கு 79 வயதுவரை வெறும் 200 ரூபாய், 80 முதல் 500. அந்த 200 என்பது பல ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. இதை உதவி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இது ஆதரவற்ற முதியோருக்கான திட்டம். இ-சேவை மையத்தில் மனு கொடுத்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வருவார். கணவருக்கு ஓய்வூதியமும் சம்பாதிக்கும் மகனும் இருக்கும் வீட்டில் மனு தள்ளுபடியாகும் வாய்ப்பே அதிகம். மகன் இருப்பதை மறைத்து எழுதித் தருகிறேன் என்று வருபவரை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

குயில்தோப்பு பெரியவர்:
பல ஆண்டுகள் நூலும் இரும்பும் பிடித்த கையில் ரேகை தேய்ந்துபோவது புதிதல்ல. இப்போது கைபேசியில் முகத்தைக் காட்டியே சான்று பதியலாம். மத்திய அரசு ஓய்வூதியர் சான்று கொடுக்கும் நவம்பருக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த ஓய்வூதியத்துக்கு எந்த மாதத்திலும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். நின்ற மாதங்களுக்கான பணம் நிலுவையாக வந்து சேரும். (எங்கள் தெருவில் பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா ஒருவர் இருந்தார், அவரும் ஆண்டுதோறும் உயிரோடிருப்பதை மெய்ப்பித்துக்கொண்டுதான் இருந்தார்.) தந்தைக்கு 70 நிறைந்திருப்பதால், 2024 அக்டோபரில் தொடங்கிய, வருமானம் பார்க்காத மத்திய அரசின் 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீட்டுக்கும் பதிந்துவிடுங்கள். ஆதார் போதும்.

மஞ்சக்குப்பத்தான்:
மூவருக்கும் நன்றி. முகப்பதிவு நேற்று இரண்டாம் முயற்சியில் நிறைவேறியது. கண்ணாடியைக் கழற்றச் சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொண்டது. 668 கணக்கைத் தந்தையிடம் சொல்ல வேண்டாமென்றிருந்தேன். அவரே கைபேசியில் இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நான் போனால் உங்கம்மாவுக்கு 336தான் நட்டம்" என்றார். அம்மா மனு கொடுக்க வேண்டாமென்கிறார். காப்பீட்டுக்குத் திங்கட்கிழமை போகிறோம்.