ஹாய் வான் கணவாயை "முழுக்க நானே ஓட்டினேன்" என்கிறவருக்கு ஒரு கேள்வி

சீனக்குடா பல்சர்:
உப்புவெளி உலாவி நேற்றுப் போட்ட பதிவைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கம் இதுதான். வியட்நாமில் ஹுவேயிலிருந்து டா நாங் வரை வழிகாட்டியோடு பைக் பயணம் போனாராம், நடுவில் வருகிற ஹாய் வான் கணவாயின் வளைவுகள் எல்லாவற்றையும் தானே ஓட்டினாராம், கடைசியில் திருகோணமலைக்காரர் எங்களைப் பார்த்து "திருமலையில் பைக் வைத்திருக்கிற எவனுக்கும் அந்த ரோட்டில் கை நடுங்கும்" என்று ஒரு வசனம் வேறு. அந்த வசனம்தான் எனக்குக் கடுப்பு. நான் கேட்பது ஒன்றே ஒன்று. மூன்றாவது படத்தில் கடல் உங்களுக்கு வலப்பக்கம் கிடக்கிறது. ஹுவே வடக்கே, டா நாங் தெற்கே, கடல் கிழக்கே. வடக்கிலிருந்து தெற்கே வருகிறவனுக்குக் கடல் இடக்கைப் பக்கம் அல்லவா இருக்கவேண்டும்? எங்கள் கிழக்குக் கரையில் வடக்கே புல்மோட்டையிலிருந்து தெற்கே நிலாவெளிக்கு வருகிற எந்தப் பொடியனைக் கேட்டாலும் சொல்வான்.

உப்புவெளி உலாவி:
வந்துவிட்டார் புவியியல் வாத்தியார். மச்சான், அது புல்மோட்டை ரோடு மாதிரி நேராகக் கிடக்கிற ரோடு இல்லை. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற மலை, அதன் மேலே வளைந்து வளைந்து ஏறுகிறார்கள். ஒரு வளைவில் கடல் இடப்பக்கம், அடுத்ததில் முதுகுக்குப் பின்னால், அதற்கு அடுத்ததில் வலப்பக்கம். லாங் கோ என்கிற கடலோர ஊரிலிருந்து ஏறும்போது கீழே கடற்கரை, கடலை ஒட்டிக் காட்டுக்குள் புகுந்து புகுந்து வெளியே வருகிற ரயில் பாதை, உச்சியில் 1826இல் மின் மாங் அரசர் காலத்தில் கட்டிய செங்கல் வாசல், பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன காவலரண். உச்சி 496 மீட்டர், பாதை மொத்தம் 20 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வழிகாட்டி முன்னால் தன் பைக்கில், நான் பின்னால் ஹொண்டா வேவில். இவ்வளவையும் விட்டுவிட்டு உங்களுக்குக் கடல் எந்தப் பக்கம் என்பதுதான் கவலை.

சீனக்குடா பல்சர்:
வரலாற்றுப் பாடத்துக்கு நன்றி. படத்தில் இருப்பது வளைவு இல்லை, நேர் ரோடு. கடல் வலப்பக்கம். அப்புறம், அது உங்கள் முதுகுப் பக்கமிருந்து எடுத்த படம். வழிகாட்டி முன்னால் போனார் என்றால் பின்னாலிருந்து எடுத்தது யார், குரங்கா?

496 மீட்டராம். கண்டி டவுன் இருக்கிற உயரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கண்டிக்கு நாங்கள் மரக்கறி வாங்கப் போகிறோம்.

டொரொண்டோ திருமலையான்:
பல்சர், உயரத்தை அப்படி ஒப்பிடக்கூடாது. கொழும்பிலிருந்து கண்டிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடி மெல்ல மெல்ல ஏறுகிறீர்கள். அங்கே கடல் மட்டத்தில் தொடங்கிப் பத்துக் கிலோமீட்டர் அளவில் உச்சி வந்துவிடும்.

சீனக்குடா பல்சர்:
கனடாவிலிருந்து ஏற்றம் அளக்கிறவரே, கடல் எந்தப் பக்கம்?

கிண்ணியா காக்கா:
தம்பிமார், இதற்குள் நானும் ஒரு வார்த்தை. அந்த மலைக்குக் கீழே ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கப்பாதை ஒன்று இருக்கிறது, 2005இல் திறந்தது. அதற்குள் பைக்கை ஓட்டிக்கொண்டு போக விடமாட்டார்கள், பெட்ரோல் ஏற்றுகிற பவுசர் லொறியையும் விடமாட்டார்கள். அதனால் பவுசர்காரனெல்லாம் இன்றைக்கும் கணவாய் மேலாகத்தான் போகிறான். அவன் நிறைந்த பவுசரோடு தினமும் ஏறி இறங்குகிற ரோட்டில் நம்முடைய பொடியன் வேவ் ஓட்டியதற்கு இவ்வளவு பெரிய பதிவு. ஓட்டினதோ ஓட்டாததோ, எனக்கு அதில் அக்கறை இல்லை.

உப்புவெளி உலாவி:
காக்கா, நீங்கள் துறையடியில் பாதைப் படகுக்குக் காத்து நின்று பைக்கை ஏற்றி இறக்கியதை இன்னும் வீரக்கதையாகச் சொல்கிறீர்களே, அதைவிடவா?

கிண்ணியா காக்கா:
கிண்ணியாப் பாலம் 2009இல் வந்தது தம்பி. அதற்கு முந்தி நாங்கள் பட்டது உங்களுக்குத் தெரியாது. அதைச் சும்மா இழுக்கவேண்டாம்.

நிலாவெளி அக்கா:
நானும் அந்தப் பயணம் போயிருக்கிறேன், பின் சீட்டில். சொல்ல வெட்கமில்லை. வழிகாட்டிப் பயணத்தில் இரண்டு வகையும் உண்டு, நீங்களே ஓட்டலாம், அல்லது அவருக்குப் பின்னால் இருக்கலாம். பைகளை நீங்கள் சுமக்கத் தேவையில்லை, அதற்கும் ஏற்பாடு செய்வார்கள். நான் பின்னால் இருந்ததற்குக் காரணம் லைசன்ஸ். வியட்நாம் ஏற்றுக்கொள்வது 1968 வியன்னா உடன்படிக்கைப்படி கொடுக்கிற சர்வதேச அனுமதிப்பத்திரத்தை. நம் நாட்டில் கிடைப்பது 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி உள்ளது. செல்லாத லைசன்ஸோடு ஓட்டி விழுந்தால் பொலிஸ் ஒரு பக்கம், காப்புறுதிக்காரன் கையை விரிப்பது மறுபக்கம். வாடகைக்குப் பைக் கொடுக்கிறவன் இதையெல்லாம் கேட்கமாட்டான், சாவியை நீட்டிவிடுவான்.

இறக்கத்தில் அந்த மனிதர் ஓட்டியதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். உச்சியைத் தாண்டியதும் இரண்டாவது கியருக்கு இறக்கிவிட்டார், அதற்குப் பிறகு எஞ்சின்தான் பைக்கைப் பிடித்துக்கொண்டு வந்தது. பின் பிரேக்கை வளைவுக்கு முன்னால் ஒரு தட்டு, அவ்வளவுதான், காலை அதன்மேல் வைத்தே இருக்கவில்லை. வழியில் வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன் ஸ்கூட்டரை ஓரத்தில் விட்டுவிட்டு நின்றான், பிரேக் கருகிய மணம் எங்கள் வரைக்கும் அடித்தது. ஹுவே பக்கம் தூறல், டா நாங் பக்கம் இறங்கினால் கண்ணைக் கூசுகிற வெயில், ஒரே மலையின் இரண்டு பக்கம். அதையெல்லாம் யாராவது எழுதுங்கள். கடல் எந்தக் கைப்பக்கம் இருந்தால் என்ன?

சீனக்குடா பல்சர்:
அக்கா, நீங்கள் சொன்னது மிகப் பெரிய உதவி. ஆக, லைசன்ஸ் செல்லாது. லைசன்ஸ் செல்லாத ஆளிடம் பொறுப்பான எந்த வழிகாட்டியும் சாவியைக் கொடுக்கமாட்டார். ஆக, இவர் பின் சீட்டு. டா நாங்கிலிருந்து உச்சி வரை ஒரு அரை நாள் ஏறி, செங்கல் வாசலில் நின்று படம் எடுத்துத் திரும்பியிருக்கிறார். தெற்கிலிருந்து ஏறினால் கடல் எந்தப் பக்கம்? வலப்பக்கம். நான் முதலில் கேட்டதும் அதைத்தான்.

நிலாவெளி அக்கா:
நான் அப்படிச் சொல்லவே இல்லையே தம்பி.

உப்புவெளி உலாவி:
அரை நாளாம்! லாப் ஆன் காயலில் பழைய டயர்களைத் தண்ணீருக்குள் விட்டுச் சிப்பி வளர்க்கிறார்கள், அந்தக் கரையில் இருந்து சாப்பிட்ட படம் நாலாவதாகக் கிடக்கிறது. அது கணவாய்க்கு வடக்குப் பக்கம். அரை நாளில் வந்தவன் அங்கே எப்படிப் போனான்? அதைப் பார்க்கமாட்டீர்கள்.

சரி, கேட்டதற்காகச் சொல்கிறேன். மகியங்கனை மலை ரோட்டின் பதினெட்டு வளைவுக்கு எல்லோரும் சேர்ந்து போனோமே, அடிவாரத்து ஹசலகவில் கிளட்ச் சரியில்லை என்று பைக்கை கராஜில் விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறி வந்தவர் யார்? அன்றைக்கு மழைக்கு வாங்கிப் போட்ட என்னுடைய மழைக்கோட்டு எங்கே? வளைவில் ஏறாத மனுசன் வளைவைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்.

சீனக்குடா பல்சர்:
கிளட்ச் தட்டு எரிந்துபோய்விட்டது, கராஜ்காரன் கழற்றி வெளியே எடுத்து வைத்ததை அங்கே நின்ற எல்லோரும் பார்த்தார்கள். எரிந்த தட்டோடு ஏறுகிறவனுக்குப் பெயர் வீரன் இல்லை. மழைக்கோட்டு கமக்கட்டில் கிழிந்தது. அதை ஒரு பொருள் என்று கணக்கு வைத்திருக்கிறீர்கள் பாருங்கள். பேச்சை மாற்றவேண்டாம், சிப்பிக்குக் காரிலும் போகலாம். கடல்?

டொரொண்டோ திருமலையான்:
பதினெட்டு இல்லை, ரோட்டைத் திருத்தியபோது ஒரு வளைவு போய்விட்டது. இப்போது பதினேழு.

மூதூர் இறங்குதுறை:
பதினெட்டுத்தான். சின்ன வயதிலிருந்து பதினெட்டு.

டொரொண்டோ திருமலையான்:
பெயர் பதினெட்டு, எண்ணினால் பதினேழு.

மூதூர் இறங்குதுறை:
அங்கே இருந்துகொண்டு எண்ணினீர்களா? எனக்கு வேறொரு கோபம். மலையும் கடலும் சேர்ந்த ரோட்டுக்கு வியட்நாம் போகவேண்டுமா? கோணேசர் கோயில் மலையில் ஏறி இராவணன் வெட்டில் நின்று கீழே பாருங்கள், அதைவிடச் செங்குத்தா ஹாய் வான்? இங்கேயே வழிகாட்டி வைத்து வெள்ளைக்காரனைக் கூட்டிக்கொண்டு போகலாமே.

நிலாவெளி அக்கா:
எங்கே கூட்டிக்கொண்டு போவீர்கள்? கோட்டை வாசலில் இருந்து கோயில் வரை முதல் கியரில், மான் குறுக்கே வராமல் இருந்தால் ஐந்து நிமிடம். அதற்கு வழிகாட்டி எதற்கு?

மூதூர் இறங்குதுறை:
கன்னியா, நிலாவெளி, குச்சவெளி, அரிசிமலை, புல்மோட்டை, இப்படி ஒரு நாள். ஏன் முடியாது?

கிண்ணியா காக்கா:
எல்லாம் வடக்கே. தெற்கே கிண்ணியா, மூதூர், வெருகல் என்று ஒரு ரோடு கிடக்கிறதே, அது உங்கள் கண்ணில் படாது. மூதூர்க்காரரே மூதூரை விட்டுவிட்டார்.

மூதூர் இறங்குதுறை:
காக்கா, நான் உதாரணத்துக்குச் சொன்னேன்.

சீனக்குடா பல்சர்:
திருமலைச் சுற்றுலாவை நாளைக்குப் பேசலாம். பின்னாலிருந்து படம் எடுத்தது யார் என்று இன்னும் பதில் வரவில்லை.

உப்புவெளி உலாவி:
கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், அவர்களில் ஒருவர் எடுத்தது. ஹெல்மெட்டில் கட்டிய கேமராவில் முழு இறக்கமும் இருக்கிறது. மழைக்கோட்டைக் கொண்டுவந்து தாருங்கள், வீடியோவைப் போடுகிறேன்.

சீனக்குடா பல்சர்:
முதலில் வீடியோ.

உப்புவெளி உலாவி:
முதலில் கோட்டு.

நிலாவெளி அக்கா:
இறக்கத்தில் நீங்கள் எந்த கியரில் வந்தீர்கள் உலாவி? அதையாவது சொல்லுங்கள்.

சீனக்குடா பல்சர்:
பின் சீட்டில் கியர் இல்லை அக்கா.

டொரொண்டோ திருமலையான்:
பதினேழு என்பதற்கு மேலிருந்து எடுத்த படம் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைத்ததும் போடுகிறேன்.